சித்தப்பா செய்யாத கொலை

அந்தத் தடித்த ருஷ்ய நாவலை முழுதாகப் படித்துவிட்டேன் என்று இதுவரை பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். அத்தனையும் பொய். அறுநூறாம் பக்கத்தோடு சரி.

இரண்டாயிரங்களின் தொடக்கம். கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போவேன். மற்றவர்கள் செல்போனில் பாம்பு விளையாட, நான் மட்டும் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு நிற்பேன் (அறிவாளி என்று யாராவது நினைக்கட்டுமே). ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கதை பிடித்துவிட்டால், சட்டை வியர்வையில் நனையும்போதே கால் பனியில் புதையும். இரண்டு முறை தாம்பரத்தைக் கோட்டைவிட்டுப் பல்லாவரத்தில் இறங்கியிருக்கிறேன்.

பெயர்கள்தான் பாடாய்ப் படுத்தின. ஒரு ஆளுக்கு மூன்று பெயர், ஒவ்வொன்றும் ஒரு முழம். யார் யாருக்கு அப்பா என்றே பிடிபடவில்லை. அதனால் எல்லாருக்கும் எங்கள் சொந்தக்காரர்களின் பெயரைச் சூட்டி, ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிவைத்தேன். இரக்க குணமுள்ள, அமைதியான இளைஞனுக்கு என் பெயர் (பேனா நம் கையில்தானே).

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்கப் பொழிச்சலூரிலிருந்து வந்தார்கள். அதற்குமுன் வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தன. இதுவாவது அமைய வேண்டுமே என்று அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். டீபாயில் கிடந்த நாவலை எடுத்துப் புரட்டினார். தாள் நழுவி மடியில் விழுந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பழக்க தோஷம், வாய்விட்டே படித்தார்.

"பெரியப்பா: குடி, சூதாட்டம். பத்மா அத்தை: கணவனை விட்டு ஓடிவிட்டாள், பக்கம் 412. மூர்த்தி சித்தப்பா: கொலை செய்தது இவராகத்தான் இருக்கும்."

மூன்று பேரும் அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள். அத்தையின் கையில் கேசரித் தட்டு.

நான் ருஷ்யா, பனி, மூன்று பெயர் என்று ஏதேதோ உளறினேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவ்வளவு அவமானமாக இருந்தது.

தலைமையாசிரியர் எழுந்தார். "புக்கை எடுத்துட்டுப் போறேன் தம்பி. படிச்சுப் பார்த்துட்டுப் பதில் சொல்றோம்."

பதினெட்டு நாள். அம்மா என்னோடு பேசவில்லை. சித்தப்பா தினமும் போன் செய்து, தன்னைப் பார்த்தால் கொலைகாரன் மாதிரியா இருக்கிறது என்று கேட்டார். பொழிச்சலூரில் ஒருவர் ருஷ்ய நாவலைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று கூடுவாஞ்சேரியில் ஒரு குடும்பமே சாமியை வேண்டிக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் தலைமையாசிரியரிடமிருந்து போன் வந்தது. அப்பாவிடம் சம்மதம் சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"உங்க சித்தப்பா பாவம், தம்பி. கொலை பண்ணது நீங்கதான்."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நாவல் திரும்பி வரவில்லை. முடிவு தெரிந்துவிட்டதால் நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் விசேஷ வீட்டில் நான் காய் நறுக்க உட்கார்ந்தால், மூர்த்தி சித்தப்பா வந்து என் கையிலிருக்கும் கத்தியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.