கோழியா நடந்தது யாரு?

கோழி நடக்கவே மாட்டேன்னுச்சு.

சபரிநாதன் செல்போனைக் கல்லுல சாய்ச்சு வச்சுட்டு, முக்கால் மணி நேரமா அது முன்னால குத்தவச்சு உக்காந்திருந்தான். சேலத்துல அனிமேஷன் படிப்பு இந்த மாசத்தோட முடியுது. சென்னைக் கம்பெனி ஒண்ணு வேலைக்கு டெஸ்ட் வச்சிருந்துச்சு. கோழி பத்து எட்டு நடக்கற மாதிரி கம்ப்யூட்டர்ல செய்யோணும். எதைப் பாத்துச் செஞ்சயோ அந்த வீடியோவையும் சேத்து அனுப்போணும். நாளைக்குக் கடைசி நாள்.

நாமக்கல்காரனுக்குக் கோழி டெஸ்ட்டான்னு க்ளாஸே சிரிச்சுச்சு. அவங்கம்மா வசந்தாமணி முட்டை பொறுக்கற பண்ணையில மட்டும் நாப்பதாயிரம் கோழி. அத்தனையும் கூண்டுலயே வளந்தது. மேஸ்திரியக் கெஞ்சி அவ தூக்கிட்டு வந்த கோழி, தரையில விட்டதும் எந்தப் பக்கம் கம்பின்னு தேடிட்டு அப்படியே உக்காந்துக்குச்சு.

"தீவனம் போட்டுப் பாரு சாமி"ன்னா அம்மா.

போட்டான். கழுத்தை மட்டும் நீட்டித் தின்னுச்சு. தள்ளிப் போட்டான். பட்டினி கெடந்துச்சு.

பக்கத்து ஊட்டுச் சென்றாயன்கிட்ட நாட்டுச் சேவலை வாங்கிட்டு வந்தான். அது நடக்கலை, ஓடுச்சு. தொரத்துனதுல செல்போன் மிதிபட்டுச்சு. சேவல் மூணு காடு தோட்டம் தாண்டிப் போயிருச்சு. சென்றாயன் வந்து வாசல்ல உக்காந்துக்கிட்டான்.

"சேவல் வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டனுங்க."

"தள்ளு சாமி, நான் நடக்கறேன்"னா வசந்தாமணி.

சேலைக்கு மேல போட்டிருந்த பண்ணைச் சட்டையோட, ரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால மடக்கிட்டு நடந்தா. "மொதல்ல தலை போவோணும். ஒடம்பு வந்து சேர்ற வரைக்கும் தலை நின்ன எடத்துலயே நிக்கோணும். பாத்துக்கிட்டயா?"

"என்ர சேவலு கூட இத்தன அழகா நடந்ததில்லீங்கக்கா"ன்னு சென்றாயன் சிரிச்சான்.

சபரிக்கு மூஞ்சி சிவந்துருச்சு. "திருப்பி நட. வெளிச்சம் பத்தலை."

அவ முட்டி வலிக்காரி. பதினாலு தடவை நடந்தா. ஒரு தடவை கூட இவன் போதும்னு சொல்லலை.

கம்ப்யூட்டர்ல செய்யறப்ப, தலை நின்னு நின்னு போறது இவனுக்கு வெட்டி வெட்டித் தெரிஞ்சுது. எல்லாத்தையும் எழைச்சு, எண்ணெய் மாதிரி வழுக்க விட்டான்.

கம்பெனிக்கு அனுப்பற ஃபாரத்துல கடைசியா ஒரு கேள்வி: வீடியோவில் இருப்பவர் யார்?

வீடியோவுல அந்தப் பண்ணைச் சட்டையைப் பாத்தான். சென்றாயனோட சிரிப்பு காதுல கேட்டுச்சு. 'எங்கள் வீட்டு வேலைக்காரம்மா'ன்னு அடிச்சு அனுப்பிட்டான். அனுப்புன கையோட அழிக்கப் பாத்தான். அழியலை.

"எம்பேரைப் போட்டயா சாமி?"

"போட்டேம்மா."

நாலாம் நாள் சாயங்காலம் கம்பெனியிலேர்ந்து போன் வந்துச்சு. மிதிபட்டதுலேர்ந்து அந்தப் போன் ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். பக்கத்துல அம்மா முட்டிக்குத் தைலம் தேச்சுக்கிட்டிருந்தா.

"சபரிநாதனா? மதுமதி பேசறேன். உங்க அனிமேஷன் செலக்ட் ஆகலைங்க. கோழி நடக்கலை, மிதக்குது. ஆனா வீடியோவுல ஒருத்தங்க நடந்தாங்களே, உங்க வீட்டு வேலைக்காரம்மா, அவங்களப் பாத்து எங்க டைரக்டர் அசந்துட்டார். புதுப் படத்துல எல்லா மிருகத்துக்கும் அவங்களையே நடக்க வச்சு எடுக்கணுமாம். அனுப்பி வைப்பீங்களா?"

சபரி போனை எடுக்கக் கையை நீட்டுனான்.

வசந்தாமணி தைலக் கையைத் தொடச்சா. அவனை ஒரு தடவை பாத்தா. அப்பறம் போன் பக்கம் குனிஞ்சா.

"வாரனுங்க. ஆனா ஊட்டுக்காரத் தம்பிகிட்ட லீவு கேக்கோணுங்க."