கும்மிடிப்பூண்டியில் வந்த பதில்

பட்டாளத்திலிருந்து வந்தவனுக்குப் பயமே கிடையாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதை வைத்துத்தான் எனக்குக் கும்மிடிப்பூண்டியில் செக்யூரிட்டி வேலையே கிடைத்தது. (பயத்தை மீசைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளத்தான் அங்கே பழக்கினார்கள். இதை நான் வெளியே சொல்வதில்லை.)

மூடிக் கிடந்த இரும்புக் கம்பெனி அது. ஒரு மழை நாள் மதியம் கரண்ட் போய்விட்டது. ஷெட்டுக்குள் நான் மட்டும். தகரக் கூரையில் மழைச் சத்தம் சட்டென்று நின்றதும், உள்ளே யாரோ பூட்ஸ் போட்டு நடப்பது கேட்டது. மங்கலில் தலை மூடிய ஓர் உருவம்.

என் வாய் தானாகக் கத்தியது: "தம்! கோன் ஆத்தா ஹை?"

நில், யார் வருவது? பனிமலையில் காவல் நிற்கும்போது இப்படித்தான் கேட்போம். வருகிறவன் 'தோஸ்த்', நண்பன், என்று சொல்ல வேண்டும். அங்கே என்னோடு இருந்தவன் பள்ளிப்பட்டு தேவராஜ். டெலிபோன் கம்பியைச் சரிசெய்யப் போனவன் பனிப்புயலில் மாட்டிக்கொண்டான். வெள்ளைக்குள் ஏதோ அசைவது போலத் தெரிய, நான் தொண்டை கிழியக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் வரவே இல்லை, தேவாவும் வரவில்லை. பட்டாளம் எனக்குச் சோறும் மரியாதையும் பென்ஷனும் தந்தது. அந்த மௌனத்தையும் தந்தது.

இப்போது ஷெட்டின் நாலு மூலையிலிருந்தும் கனத்த குரல் வந்தது: "தோஸ்த்..."

வீரன் என்ன செய்தான்? பின்னால் நகர்ந்து, பழைய கிரீஸ் குழியில் மல்லாக்க விழுந்தான். "தேவா, என்ன உட்ருடா!" என்று அலறியதும் அவனேதான்.

"இன்னாய்யா, சோறு எடுத்துகினு வந்தா குழில படுத்துகினு கீற?"

மழைக்கோட்டின் தொப்பியை விலக்கினாள் என் மனைவி கலா. கோட்டு என்னுடையது. காலில் மகனின் ரப்பர் பூட்ஸ். குரலைக் கனக்க வைத்தது காலி ஷெட்டின் எதிரொலி.

"அந்த வார்த்தைய உனக்கு யாரு சொன்னது?"

"நீதான். தூக்கத்துல கத்துவ. 'தோஸ்த்துனு சொல்லுடா, சொல்லுடா'னு அழுவ. ஒருவாட்டி சொல்லிப் பாத்தேன், அடங்கித் தூங்கிட்ட. அதுலருந்து நான்தான சொல்லிகினு கீறேன்?"

சாயங்காலம் கிரீஸ் போக மண்ணெண்ணெய் போட்டு என் முதுகைத் தேய்க்கும்போது, தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள்.

"சில நாளு நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே அடங்கிடற. யாரோ சொன்னாப்ல தலைய ஆட்டிட்டுத் தூங்கிடற."

எங்கள் வீட்டில் இப்போது யாரும் காலிங் பெல் அடிப்பதில்லை. வாசலில் நின்று "தோஸ்த்!" என்று கத்துகிறார்கள். மருமகன் பாத்ரூம் கதவைத் தட்டினாலும் அதே. கிரீஸ் குழிக் கதையைக் கலா நடித்தே காட்டுவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும்தான்.

முதுகு தேய்க்கும்போது சொன்னதை மட்டும் அவள் யாரிடமும் சொல்வதில்லை.