ரகரம் வராத ராணி

குழந்தைகளோடு பேசத் தெரியும் என்று பெருமையடித்துக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பயம். ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் நான்தான் முதல் வரிசை. சும்மா வாயால் சொல்லிக்கொள்ளவில்லை, மொழியியலில் எம்.ஏ. பட்டமே கையில் வைத்திருந்தேன். பட்டமும் தலைக்கனமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஜவ்வாது மலையில் ஒரு நாலு வயதுப் பெண் எனக்குக் காட்டினாள்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்துமூன்று வயது. சின்னக் குழந்தைகள் தாய்மொழியின் ஒலிகளை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்யச் சேர்ந்திருந்தேன். ப, ம எல்லாம் பல் முளைப்பதற்கு முன்பே வந்துவிடும். ர மட்டும் லேசில் வராது. ரொம்ப நாளைக்குக் குரங்கு 'கொலங்கு'தான், நரி 'நலி'தான். ஒரே குழந்தையை மாதக்கணக்கில் பதிவுசெய்து, அந்த ர எப்போது வந்து நாக்கில் உட்கார்கிறது என்று பார்ப்பது என் வேலை. (ழ பக்கமே நான் போகவில்லை. எங்கள் வடாற்காட்டில் பெரியவர்களுக்கே 'மயை'தான் பெய்யும். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?)

முதல் வருட வேலை பேராசிரியருக்குத் திருப்தியாக இருந்தால்தான் இரண்டாம் வருடம் தொடர முடியும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். அப்பா ஏற்கெனவே ஒரு டைப்ரைட்டிங் வகுப்பில் எனக்கு இடம் பேசி வைத்திருந்தார். "கொழந்த பேசறத கேக்கறதுக்கு எதுக்கும்மா படிப்பு? பக்கத்து வூட்டு கொழந்தயே நாள் முச்சூடும் கத்தினுகீதே, செலவில்லாம கேளேன்" என்பது அவருடைய கருத்து.

ரேடியோவும் பள்ளிக்கூடமும் அதிகம் தொடாத பேச்சாக இருந்தால் நல்லது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். ஆலங்காயத்தில் என் பெரியம்மா இருந்தார். அங்கே தங்கிக்கொண்டு சனிக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் காவலூருக்கு ஏறுவேன். அங்கே இருந்த வானாய்வுக்கூடத்தின் ஊழியர்கள் இறங்கி ஒரு பக்கம் போவார்கள். நான் செங்கல் கனத்துக்கு ஒரு டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் ஒன்றரை மைல் நடப்பேன். அங்கே பொன்னியின் வீடு. பொன்னியின் மகள் ராணி.

"கொழந்தைக்கு என்ன வயசுங்க?" என்று முதல் நாள் கேட்டேன்.

"மூணு முடிஞ்சு போச்சுங்க டீச்சரம்மா. பலா பயுக்கற நாள்ல பொறந்தா" என்றார் பொன்னி, சாமை குத்துவதை நிறுத்தாமல். (நோட்டோடு மலையேறி வருகிற பெண் டீச்சராகத்தான் இருக்கவேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.)

ராணி அம்மாவின் பின்னால் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் குனிந்து, கன்னத்தில் கைவைத்து, என் ஆயுதத்தை எடுத்தேன்.

"லாணிக் குத்தி! இங்க வாங்கோ! சோலு சாப்தீங்களா? கொலங்கு பாத்தீங்களா, கொலங்கு?"

குழந்தையின் நாக்குக்கு இறங்கி வந்தால்தான் குழந்தை பேசும் என்பது என் திடமான நம்பிக்கை. ராணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு நொடி உலக்கையை நிறுத்திவிட்டு மறுபடி குத்த ஆரம்பித்தார். வெகுநேரம் யோசித்த பிறகு ராணி என் அருகில் வந்து, மிக மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "கொ… லங்கு… பாத்தேன், டீச்சல்" என்றாள்.

எனக்குச் சந்தோஷத்தில் மயக்கமே வந்துவிட்டது. தேடிப்போன மழலை மடியில் வந்து விழுந்திருக்கிறதே!

அப்புறம் ஐந்து மாதம் ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை. நான் மழலையில் கேட்பேன், ராணி மழலையில் பதில் சொல்வாள். சில நாள் அவளே ஒரு கல், ஓர் இலை, ஒரு கொட்டாங்கச்சி என்று கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். நான் திருப்பிச் சொன்னால் தலையை ஆட்டுவாள். 'டீச்சர் விளையாட்டில் ஆர்வம் உண்டு' என்று நோட்டில் எழுதினேன். ஒருநாள் ஏதோ ஞாபகத்தில் வாய் தவறி 'கொரங்கு' என்று சுத்தமாகச் சொல்லிவிட்டேன். ராணி எழுந்து நின்று கைதட்டினாள். 'ர-வைச் சொல்ல வராவிட்டாலும், காதால் கேட்டுப் பிரித்தறிகிறாள்' என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் போட்டேன்.

பொன்னியைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன், நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. 'இந்தத் தாய்க்குக் குழந்தையோடு பேசத் தெரியவில்லை.' ஏனென்றால் பொன்னி மகளிடம் ஒரு நாளும் மழலை பேசியதில்லை. கூட வேலை செய்கிற ஆளிடம் பேசுவதைப் போல, "ஏய், அந்தாண்ட ஆடு பூந்துச்சி பாரு, ஓட்டிட்டு வா" என்பார். ராணி வீட்டுக்குப் பின்னால் ஓடிவிடுவாள். அந்த ஊரில் எல்லாருமே பிள்ளைகளிடம் அப்படித்தான் பேசினார்கள். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

டேப்புகளில் ஒரே ஒரு சின்னத் தொல்லை இருந்தது. ராணி இல்லாத நேரங்களில், தூரத்தில், வேறொரு சிறுமியின் குரல் "ஆடு கீயே எறங்கிருச்சிம்மா, ரெண்டு குட்டியக் காணோம்" என்று கணீரென்று கேட்கும். ர அப்படியே உருளும். அது யாரென்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. 'பின்னணியில் கேட்பது அக்காவின் குரல்' என்று அடிக்குறிப்புப் போட்டேன். அந்த அக்காவை ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை.

கடைசியில் நாற்பது பக்கம் எழுதினேன். ஜவ்வாது மலைக் குழந்தைகளுக்கு ர மிகவும் தாமதமாக வருகிறது என்பது என் கண்டுபிடிப்பு. (குழந்தை ஒன்று. முடிவு மலை முழுவதுக்கும். அப்படி ஒரு கணக்கு.)

என் பேராசிரியர் அதிகம் பேசமாட்டார். நாற்பது பக்கத்தையும் படித்துவிட்டு 'ம்' என்றார். டேப்பைக் கேட்டுவிட்டு இன்னொரு 'ம்'. பிறகு, "அடுத்த சனிக்கிழமை நானும் வரேன். பாத்துட்டு, நீ தொடரலாமா வேண்டாமான்னு சொல்றேன்" என்றார். அன்றிரவு எனக்கு டைப்ரைட்டர் சத்தம் காதில் கேட்டது.

அந்தச் சனிக்கிழமை மலையில் புளி உலுக்கும் பருவம். பொன்னி வாசலில் குவித்திருந்த புளியைத் தட்டி ஓடெடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் கூட இருந்தார்கள். "வாங்க, குந்துங்க" என்று பாயை விரித்தார்கள். மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் வயிறு கலங்கியிருந்த பேராசிரியர் ஒரு சுளை புளியை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் டேப்பை ஓடவிட்டேன். அவர், சக ஊழியரை விசாரிப்பதைப் போல, சாதாரணமாகக் கேட்டார்.

"உன் பேரு என்னம்மா?"

"ராணி" என்றாள் ராணி.

அந்த ர-வை எப்படிச் சொல்வேன்! கல்லைப் போல உருண்டுவந்து என் தலையில் விழுந்தது.

"நீங்க எந்த ஊரு? டீச்சரு கூடவா வந்தீங்க? எங்க வூட்டு பலா மரத்துல கொரங்கு ஏறி பூரா பிஞ்சியும் பறிச்சிருச்சி, தெரிமா?"

பதறிப்போய் குறுக்கே விழுந்தேன். "லாணிக் குத்தி, மாமாக்கு அந்தக் கொலங்கு கதை சொல்லுங்கோ!"

ராணி என் பக்கம் திரும்பினாள். முகம் அப்படியே கனிந்தது. என் முழங்காலில் கையை வைத்து, மெதுவாக, "கொ… லங்கு… வந்துச்சி, டீச்சல். பலிச்… சிச்சி" என்றாள். சொல்லிவிட்டு நான் புரிந்துகொண்டேனா என்று கண்ணையே பார்த்தாள். பிறகு பேராசிரியரிடம் திரும்பி, ஒரு எழுத்துப் பிசகாமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பேராசிரியர் அவளைத் தடுத்தார். "ராணி, அவங்ககிட்ட மட்டும் ஏன் வேற மாதிரி பேசற?"

ராணி அவர் காதருகே போய் ரகசியமாகச் சொன்னாள். நாலு வயதுக் குழந்தையின் ரகசியம் பக்கத்துக் குன்று வரை கேட்கும்.

"அவங்களுக்கு பேச்சு வராதுங்க. பாவம். நான்தான் சொல்லிக் குடுக்கறேன். இப்பதான் 'கொரங்கு' ஒண்ணு வந்துகீது."

புளி தட்டுகிற சத்தம் நின்றுபோனது. பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், தோள் மட்டும் குலுங்கியது.

"இவளோட அக்கா எங்கே?" என்று பேராசிரியர் அடிக்குறிப்பை நினைவு வைத்துக் கேட்டார்.

"இவளுக்கு அக்கா ஏதுங்க? ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் பொன்னி.

"நீங்களாவது இந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?" என்று பேராசிரியர் என்னைக் காட்டிக் கேட்டார்.

பொன்னி சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். "எப்டிங்க சொல்றது? எங்ககிட்டலாம் நல்லாத்தான் பேசறாங்க. கொழந்தய கண்டாதான் நாக்கு இயுக்குது. இன்னா கொறையோ. ஒருத்தர் கொறைய மூஞ்சிக்கு நேரா கேக்கலாமா? மனசு நோவும்ல? 'டீச்சரம்மாவ பாத்து சிரிக்கக் கூடாது, அவங்க பேசறாப்லயே பேசு'ன்னு நான்தான் புள்ளகிட்ட சொல்லிவச்சேன்."

அவ்வளவு நல்ல மனுஷிகளிடம் போய் நான் ஆராய்ச்சி செய்திருக்கிறேன். ஐந்து மாதம் அந்த ஊரே என் குறையைப் பொறுத்துக்கொண்டு, எனக்காக ஒரு பாஷையே பேசியிருக்கிறது. நான் அதை நோட்டில் எழுதிக் கோடு போட்டிருக்கிறேன். வெட்கத்தில் அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் சமாளிக்க நானும் ஒரு சுளை புளியை வாயில் போட்டுக்கொண்டேன்.

பேராசிரியர் காவலூர் பஸ் நிறுத்தம் வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பஸ் கண்ணுக்குத் தெரிந்தபோது, "அந்த நாப்பது பக்கத்தையும் கிழிச்சிடு" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. "டேப்பைக் கிழிச்சிடாத. நாலு வயசுப் புள்ள, பேச வராதவங்களுக்கு எப்படிப் பேசிக் காட்டணும்னு தானாவே கண்டுபிடிச்சிருக்கா. எந்த எழுத்து கஷ்டம், எத மாத்தணும், எங்க நிறுத்தணும், எல்லாம் தெரிஞ்சிருக்கு. ர தெரியாதவ ர-வை இவ்ளோ ஒழுங்கா தப்பா சொல்ல முடியாது. அத எழுது, ரெண்டாம் வருஷத்துக்கு அது போதும்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஆலங்காயம் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த சனிக்கிழமை மலையேறிப் போய், மழலையில்லாமல், "ராணி, நல்லா இருக்கியா? கொரங்கு திரும்ப வந்துச்சா?" என்று கேட்டேன்.

ராணி கண்ணை அகல விரித்தாள். "யம்மோவ்! டீச்சருக்குப் பேச்சு வந்துருச்சி!" என்று ஊர் முழுக்கக் கத்திக்கொண்டே ஓடினாள். அன்றைக்கு நாலு வீட்டுக்காரர்கள் வந்து என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "நம்ம முருகன் கண்ணத் தொறந்துட்டான்" என்றார். நான் மறுக்கவில்லை.

பட்டம் வாங்கினேன், வேலைக்குப் போனேன், கல்யாணமும் ஆயிற்று. கதையை வீட்டில் வாய்விட்டுச் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தவறு. பாங்க்கில், ஆஸ்பத்திரியில், சம்பந்தி வீட்டில் எங்கேயாவது ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால் போதும், என் கணவர் எதிராளியிடம் குனிந்து, "பாவங்க, அவங்களுக்குப் பேச்சு வராது" என்று ரகசியம் சொல்வார்.

என் மகளின் கல்யாணத்துக்கு ராணி ஒரு கூடை பலாச்சுளையோடு வந்திருந்தாள், கூடவே தன் இரண்டு பிள்ளைகளும். மேடையேறிப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். "உங்க அம்மாவுக்குப் பேச்சு சொல்லிக் குடுத்ததே நான்தான்!"

மணப்பெண் கோலத்தில் இருந்த என் மகள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானா அது? அப்படியே பேச்சை நிறுத்தறதுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கலாமே, அக்கா!"