புலிக்கு மனசு லேசான கதை

ஒரு காட்டில் எல்லா மிருகங்களுக்கும் ஒரே சமயத்தில் மனசு சரியில்லாமல் போயிற்று. முன்பெல்லாம் இதை அஜீரணம் என்று சொல்லி, ரெண்டு பச்சிலையை மென்றுவிட்டுப் படுத்துவிடும். மலை உச்சியில் செல்போன் கோபுரம் வந்த பிறகு அஜீரணத்துக்கு மதிப்புப் போய்விட்டது. எல்லாமே மன அழுத்தம் ஆகிவிட்டது.

வாய்விட்டுச் சொல்லி அழலாம் என்றால் அந்தக் காட்டில் அதற்கு வழியில்லை. மரத்துக்கு மரம் கிளிகள். காலையில் ஒருத்தரிடம் சொன்ன துக்கம் குரூப் குரூப்பாகச் சுற்றி, சாயங்காலத்துக்குள் சொன்னவருக்கே 'ஐயோ பாவம்' என்ற குறிப்போடு திரும்பி வரும்.

அப்போதுதான் பனிக்காலத்துக்கு வந்த வெளிநாட்டு நாரை ஒன்று ஏரிக்கரையில் போர்டு மாட்டியது. 'ஆடல்வழி மன ஆலோசனை. பேச வேண்டாம், ஆடினால் போதும்.'

பேச வேண்டாம் என்றதும் கூட்டம் அள்ளியது. டோக்கன் வாங்க விடியும்போதே வரிசை. மரங்கொத்தி தாளம் போட, காட்டெருமை தன் மாமியார் மேலிருந்த கோபத்தை ஆடித் தீர்த்தது. கூடவே ரெண்டு புதர்களும் தீர்ந்தன. ஆமை தன் தனிமையை ஆடியது. ஆடி முடித்ததா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சும்மா சொல்லக்கூடாது, பலருக்குக் குணம் தெரிந்தது. முள்ளம்பன்றிகூடச் சிரித்ததாகக் கேள்வி.

கோமளம் என்ற புள்ளிமானும் வந்தது. அதன் அக்காவைப் போன கோடையில் புலி தின்றுவிட்டது. அன்றிலிருந்து ஒரு சருகு அசைந்தாலும் கோமளத்துக்குக் கால் வெடவெடக்கும். இன்னும் பால் மறக்காத குட்டி ஒன்று வேறு கூடவே இருந்தது.

"பயம் உடம்புல எங்க இருக்கு?" என்று கேட்டது நாரை.

"கால்ல இருக்குங்க மேடம்."

"ஆடி ஆடி அதைக் கீழ இறக்கி வெச்சிடுங்க."

"இறக்கி வெச்சிட்டா அப்புறம் எதை வெச்சு மேடம் ஓடறது?"

நாரை கனிவாகச் சிரித்தது. "இப்படிக் குதர்க்கமா கேக்கறதும் நோயோட அறிகுறிதான்."

கோமளம் வெட்கப்பட்டுக்கொண்டு ஆடியது. கழுத்து லேசாயிற்று, நெஞ்சு லேசாயிற்று. காலில் இருந்த பயத்தை மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டது.

ஒருநாள் வரிசையில் புலி வந்து நின்றது. முறையாகக் கடைசியில்தான் நின்றது. திரும்பிப் பார்த்த ஒவ்வொன்றும் "நீங்க முன்னால போங்க ஐயா" என்று டோக்கனைத் திணித்துவிட்டுப் போனதில், முதல் ஆளாகிவிட்டது.

பாவம், இளைத்து எலும்பு தெரிந்தது. "யாரைப் பிடிச்சாலும் அவங்க அம்மா முகம் கண்ணு முன்னால வருது மேடம். கவ்வின வாயை மூடிக் கடிக்க முடியல. கடைசியா சாப்பிட்டது ஒரு மான், அதுவும் சரியா இறங்கல. இப்பல்லாம் நண்டுதான். நண்டுக்கு அம்மா யாருன்னு தெரியாததால பொழைப்பு ஓடுது" என்று குலுங்கிக் குலுங்கி அழுதது.

புதருக்குப் பின்னால் நின்ற கோமளத்துக்கு அப்போதுதான் விளங்கியது. மழைக்காலம் முழுக்கக் காட்டில் ஒரு சாவு இல்லை, தன் குட்டி வெட்டவெளியில் மேய்கிறது என்றால், எல்லாம் இந்த அழுகையின் புண்ணியம்.

புலி போனதும் ஓடிவந்து கெஞ்சியது. "மேடம், யாரை வேணா குணப்படுத்துங்க. இவரை மட்டும் விட்டுடுங்க. என் குட்டி பொழைச்சுக்கும்."

"தேடி வந்தவங்க மனசுல பாரத்தோட போகக்கூடாது கோமளம். அது என் தொழில் தர்மம்."

"அந்தப் பாரம் இருக்கறதாலதான் மேடம் அவர் பாயாம இருக்கார்!"

"நீங்க உங்க பயத்துலேர்ந்து பேசறீங்க" என்றது நாரை. படித்தவர்கள் இப்படிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் வாதாட முடியாது. எனக்கும் அனுபவம் உண்டு.

புலி வாராவாரம் ஆடியது. கடைசி வகுப்புக்கு நாரை காட்டையே கூட்டியிருந்தது. புலி முதலில் தன் பாவத்தை ஆடியது, பிறகு தன்னைத் தானே மன்னித்து ஆடியது. மரங்கொத்தி தாளத்தை விட்டுவிட்டு அழுதது. குட்டியோடு ஓரமாக நின்ற கோமளத்துக்குக்கூடக் கண் கலங்கியது. அக்காவைத் தின்றவனுக்காகவா அழுகிறோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்றது நாரை.

"லேசா இருக்கு மேடம். யார் முகமும் வரல."

"ரொம்ப சந்தோஷம். இனிமே உடம்பு என்ன சொல்லுதோ அதைத் தடுக்காதீங்க, அப்படியே செய்யுங்க." சொல்லிவிட்டு நாரை ஒற்றைக்காலில் நின்று, கண்ணை மூடி, சிறகு குவித்து வணங்கியது. வகுப்பு முடிந்தது என்று அர்த்தம்.

புலியின் உடம்பு, பசிக்கிறது என்று சொல்லிற்று.

கோமளம் யோசிப்பதற்குள் கால்கள் ஓடியிருந்தன, குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு. பள்ளத்தைத் தாண்டி அக்கரையில் நின்று திரும்பிப் பார்த்தபோது ஏரிக்கரையில் கொஞ்சம் இறகுகள்தான் இருந்தன. புலி அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போட்டது. 'அருமையான பயிற்சி. மனசும் நிறைந்தது, வயிறும் நிறைந்தது.'

அடுத்த வேளைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். கோமளம் அக்கரையிலிருந்தே புலிக்கு வீடியோ கால் போட்டது.

"ஐயா, மேடத்தோட வகுப்பை இனிமே நான்தான் எடுக்கறேன். ஆன்லைன்ல."

"எனக்குத்தான் குணமாயிடுச்சே."

"நல்லதுங்க ஐயா. ஒண்ணே ஒண்ணு. மேடம் வடக்கே ஏரியில குஞ்சுங்களை விட்டுட்டு வந்திருந்தாங்க. அம்மா எப்ப வரும்னு அதுங்க வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கும். அதை மட்டும் ஒருதடவை ஆடிப் பாருங்களேன்."

நாரைக்குக் குஞ்சே கிடையாது. புலி கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய கால் தூக்கியபடியே இருக்க, தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தது.

"இன்னும் உள்ள கொஞ்சம் இருக்குங்க ஐயா" என்றது கோமளம், நாரையின் அதே கனிவோடு. "அடுத்த வாரமும் வாங்க."

புலி இன்றைக்கும் வாரம் தவறாமல் வருகிறது. நண்டு தின்றுதான் காலம் ஓடுகிறது என்றாலும் ஆட்டம் நன்றாக முன்னேறியிருக்கிறது. கோமளத்தின் குட்டிக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

நீதி: உங்களைத் தின்கிறவருக்கு மனக்குறை வந்தால் அன்போடு விசாரியுங்கள், ஆறுதல் சொல்லுங்கள், ஆடவும் சொல்லிக்கொடுங்கள். குணமாக்கி மட்டும் விடாதீர்கள்.