பருந்துகளுக்குப் பந்தி, கேப்டனம்மாவுக்கு விசாரணை

“பறவை வந்து உங்களை இடிச்சுதா, நீங்க போய்ப் பறவையை இடிச்சீங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க!” பாதுகாப்பு அதிகாரி மேசையைத் தட்டிய தட்டில் தண்ணீர்க் குவளை துள்ளி விழுந்தது.

“நான் நேரா போய்க்கிட்டிருந்தேன் சார். அதுதான் குறுக்கே வந்துச்சு!” கேப்டனம்மாவின் குரலும் உச்சத்துக்குப் போய்விட்டது.

“ஹார்ன் அடிச்சீங்களா?” இது கணக்கு அதிகாரி. பாதுகாப்பு அதிகாரியின் மச்சான். ஆகவே விசாரணைக் குழுவின் ‘நடுநிலை உறுப்பினர்’.

“விமானத்துக்கு ஹார்ன் கிடையாது.”

“பார்த்தீங்களா மாமா, அடிக்கலேன்னு அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க!”

உலகத்தில் எத்தனையோ விமான நிலையங்கள் பறவைகளை வெடி வெடித்து விரட்டுகின்றன. அநாகரிகம்! பறவையை அன்பால் வென்ற ஒரே விமான நிலையம் இதுதான். ஓடுபாதைக்கு இடப்பக்கச் சுவருக்கு வெளியே ஒரு குப்பைமேடு. கோழிக்கடைக் கழிவெல்லாம் அங்கேதான் வந்து சேரும்; வானத்துப் பருந்தெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். குப்பையை அள்ளச் சொல்லலாம்தான். ஆனால் பாதுகாப்பு அதிகாரி தொலைநோக்குடையவர். பருந்துகளை அங்கிருந்து மரியாதையாக அழைத்து வருவதற்காக ஓடுபாதைக்கு வலப்பக்கம் ‘மாற்று உணவுத் திடல்’ ஒன்றைத் திறந்துவைத்தார். ரிப்பன் வெட்டினார்கள், புகைப்படம் எடுத்தார்கள், ‘பறவை நேயர்’ என்று விருதும் கொடுத்தார்கள்.

பருந்துகளும் நன்றி மறக்கவில்லை. முதல் பந்தி இடப்பக்கம், இரண்டாம் பந்தி வலப்பக்கம் என்று வைத்துக்கொண்டன. நடுவில் ஓடுபாதை.

அப்படிப் பந்தி மாறப் போன ஒரு பருந்துதான் கேப்டனம்மாவின் விமானம் மூக்கைத் தூக்கிய நேரம் பார்த்து வலப்பக்க இன்ஜினுக்குள் புகுந்தது. டமார்! விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. இனி பிரேக் போட்டு நிறுத்த ஓடுபாதை பாக்கியில்லை, ஏறித்தான் ஆகவேண்டும். கேப்டனம்மா சுக்கான் மிதியைக் காலால் அழுத்தி விமானத்தை நேராகப் பிடித்துக்கொண்டார். துணை விமானி செய்ய வேண்டியவற்றை வரிசையாக வாசிக்க, இருவரும் சரிபார்த்து அடிபட்ட இன்ஜினை அணைத்தார்கள். பயணிகள் பக்கம் கருகிய வாடை. “இன்னிக்கு சிக்கனா?” என்று ஒருவர் ஆவலாக விசாரித்தார். பணிப்பெண் சிரித்த முகம் மாறாமல், “குனிஞ்சு உக்காருங்க சார்” என்றாள். ஒற்றை இன்ஜினோடு வட்டமடித்துத் திரும்பி வந்து, பூப்போல இறக்கினார் கேப்டனம்மா. எல்லோரும் அவரவர் காலால் இறங்கி நடந்தார்கள்.

அதுதான் வினை. உயிரோடு இறங்கிய பயணிதானே புகார் எழுதுவான்!

“என் அவசரத்தால் ஒரு பருந்து அகால மரணமடைந்தது, வருந்துகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விமானத்தைத் தொடலாம், இல்லாவிட்டால் இனி தரையில்தான் என்றது குழு. யோசிக்க ஒரு நாள் தவணையும் கொடுத்தது.

வீட்டில் மாமியார் கெஞ்சினார். “போட்டுத் தொலையேம்மா. செத்த பருந்து வந்து சாட்சியா சொல்லப் போகுது?”

“போட்டுடலாம் அத்தை. தப்பு என்னுதுன்னு ஆயிட்டா திடலை யாரு மூடுவா? உயிரோட இருக்கிற பருந்துங்க நாளைக்கும் குறுக்கே வருமே.”

கேப்டனம்மாவுக்கு விமானம் ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அதனால் மறுநாள் பேனாவோடேயே போனார்.

“கையெழுத்துப் போடறேன் சார். ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்குக் காலைல அதே ஓடுபாதை, அதே நேரம். எனக்குப் பின்னாடி ரெண்டு இருக்கை சும்மாதான் இருக்கு. நீங்களும் உங்க மச்சானும் வந்து உக்காந்து, நான் எந்த இடத்துல அவசரப்பட்டேன்னு காட்டுங்க. காட்டின கையோட போட்டுடறேன்.”

மச்சானுக்குத் திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

“எனக்கு... காலைல வீட்ல வேலை இருக்கு” என்றார் பாதுகாப்பு அதிகாரி.

“சாயங்காலம் போலாமா சார்?”

“சாயங்காலமும் இருக்கு.”

“திடல் திறந்ததுல பாதை பாதுகாப்பாயிடுச்சுன்னுதானே சார் விருது வாங்கினீங்க?”

“விருது வேற, விமானத்துல ஏறுறது வேற! ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க!”

தீர்ப்பு அன்றே வந்தது. பருந்து குற்றமற்றது. கேப்டனம்மா வாசலில் நின்று பயணிகளுக்கு வணக்கம் சொல்லும் ‘உயர் பொறுப்பு’க்கு மாற்றப்பட்டார். இனிமேல் எந்த விமானியும் குழுவின் கருத்தைக் கேட்ட பிறகே இன்ஜினை அணைக்க வேண்டும். திடலில் பருந்துகளுக்கு நிழற்கூரை போடவும் உத்தரவாயிற்று.

கேப்டனம்மா ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. கணவர், மாமியார், சட்டிபானை சகிதம் ஊரை விட்டே போய்விட்டார். போன இடத்தில் பறவைகளை இன்னும் அநாகரிகமாக வெடி வெடித்துத்தான் விரட்டுகிறார்களாம். விமானம் ஓட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாராம். துணை விமானி அந்தப் பணிப்பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டு பின்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்தார்.

பாதுகாப்பு அதிகாரியும் தம் பெண்ணைத் தூரதேசத்தில் கட்டிக்கொடுத்தார். விமானத்தில் போனால் ஒரு தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும். குடும்பத்துக்கு டிக்கெட்டும் இலவசம். ஆனாலும் மணப்பெண், மச்சான், பந்துமித்திரர் அத்தனை பேரையும் ரயிலில் ஏற்றி, இரண்டு இடத்தில் வண்டி மாறி, இடுப்பொடியக் கூட்டிக்கொண்டு போனார்.

தம் திட்டத்தின் மேல் மனிதருக்கு அவ்வளவு நம்பிக்கை.