கட்டிக்காத்த தலை

கழுத்தில் துணியைச் சுற்றி, தண்ணீர் தெளித்து, சீப்பைக் கையில் எடுத்த பிறகுதான் கணக்கு வாத்தியார் விஷயத்தைச் சொன்னார். உச்சந்தலையில் இருக்கும் கட்டியை எடுத்துவிடலாம் என்று இருக்கிறாராம்.

சலூன்காரருக்குச் சீப்பு ஓடவில்லை.

பதினோரு வருடமாக அந்தக் கட்டியைச் சுற்றி அவர் முடி வெட்டிக்கொண்டிருக்கிறார். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்த அளவு. அதன்மேல் முடி முளைக்காது. வலப்பக்கத்து முடியை மட்டும் நாலு விரல் நீளம் விட்டு, இடப்பக்கமாகச் சாய்த்து, ஓரத்தை மெல்லக் கழித்துவிட்டால் கட்டி இருப்பதே தெரியாது. வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பி வட்டம் போடும்போது பிள்ளைகள் சிரிக்காமல் இருப்பது இந்தக் கைவண்ணத்தால்தான். எத்தனையோ தலைகள் அவர் கைக்கு வந்தாலும், ‘நம்ம தலை’ என்று அவர் சொன்னது இந்த ஒன்றைத்தான்.

எட்டு மாதத்துக்கு முன் எதிர்வரிசையில் ஒரு புதுக் கடை முளைத்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, சுழலும் நாற்காலி. கறுப்பு ஏப்ரன் கட்டிய ஓர் இளைஞன் அதை நடத்தினான். அந்தக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சலூன்காரருக்கு வயிறு எரிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அங்கே போனார்கள். பேங்க் மேனேஜர் போனார். சொந்த மச்சினனே போய்விட்டு வந்து, காதோரம் எப்படி இருக்கிறது என்று இவரிடமே கேட்டான்.

வாத்தியார் மட்டும் போகவில்லை. போகவும் முடியாது. அந்தக் கட்டியைத் தாண்டிக் கத்திரியை ஓட்டும் வித்தை ஏப்ரனுக்கு எங்கே தெரியும்?

“எதுக்கு சார் அதைப் போய் எடுத்துக்கிட்டு? அது பாட்டுக்கு இருக்கு” என்றார் சலூன்காரர்.

“சீப்பு மாட்டுதுப்பா.”

“நான் வாரும்போது என்னிக்காவது மாட்டியிருக்கா?”

டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டதாக மட்டும் வாத்தியார் சொன்னார்.

அன்று சலூன்காரருக்குச் சோறு இறங்கவில்லை. கட்டி போய்விட்டால் அது எல்லாரையும் போல ஒரு தலை. யார் வேண்டுமானாலும் கத்திரி வைக்கலாம். இதை அவர் வாய்விட்டுப் புலம்ப, மனைவி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “என்னைக் கட்டினதுக்கு அந்தக் கட்டியையே கட்டியிருக்கலாம் நீங்க. என் தலையில என்ன இருக்குன்னு ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களா?”

டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அந்த நப்பாசையில், துணைக்கு வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனார். டாக்டர் கட்டியை இரண்டு விரலால் பிடித்து, இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். தன் தலையில் இன்னொருவர் விரல் போவதைப் பார்க்க இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலி உண்டா, திடீரென்று பெருத்ததா, சீழ் வந்ததா என்று டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் வாத்தியாரை முந்திக்கொண்டு இவரே பதில் சொன்னார்.

பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். தோலுக்கு அடியில் சின்னப் பை ஒன்று, அதற்குள் மாவு போலக் கழிவு சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை. எடுக்காமலும் விடலாம்.

“அப்ப விட்டுடலாம்” என்றார் சலூன்காரர்.

“எடுத்துடுங்க” என்றார் வாத்தியார்.

எடுத்தால் பையோடு முழுசாக எடுக்க வேண்டும், ஒரு துணுக்கு உள்ளே நின்றாலும் திரும்ப வளரும் என்று டாக்டர் விளக்கினார். சலூன்காரர் கொஞ்சம் யோசித்து, அந்த ஒரு துணுக்கை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். இவர் யார் என்று டாக்டர் வாத்தியாரைக் கேட்டார்.

தடுக்க முடியாவிட்டாலும் தன் அருமையையாவது காட்ட வேண்டும் என்று ஆபரேஷன் அன்று கைப்பெட்டியோடு போய் நின்றார். கட்டியைச் சுற்றி முடி எடுக்க நர்ஸ் மிஷினோடு வந்தபோது குறுக்கே விழுந்தார். அந்தத் தலையில் வேற்றுக் கை படக் கூடாது, தானே செய்கிறேன் என்றார். நர்ஸுக்கு ஆயிரம் வேலை. சுற்றிலும் ஒரு விரல் அகலம் போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவரும் ஒரு விரல் அகலம்தான் எடுத்தார். ஆனால் நாலு விரல் நீள முடிக்கு நடுவில் அந்த வட்டம் காக்கை கொத்தினதுபோல் இருந்தது. இதை ஏப்ரன் பார்த்தால் என்ன நினைப்பான்? வலப்பக்கத்தைச் சற்றுக் குறைத்தார். இடப்பக்கம் தூக்கலாகத் தெரிந்தது. அதையும் குறைத்தார். பிடரி ஒத்துவரவில்லை. நர்ஸ் திரும்பி வந்தபோது வாத்தியார் இரண்டு காதுக்கும் நடுவே ஒரு முடி இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

வாத்தியார் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். வழிமுறை எல்லாம் எழுதி விடையைத் தப்பாகப் போட்ட பையனைப் பார்ப்பதுபோல் சலூன்காரரைப் பார்த்தார். மரத்துப்போகும் ஊசி போட உள்ளே கூட்டிப் போனார்கள்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. பை கிழியாமல் முழுசாக வந்துவிட்டதாக டாக்டர் தட்டில் வைத்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று உருண்டையாக இருந்தது. நர்ஸுகள் வந்து வந்து பார்த்து டாக்டரின் கையைப் பாராட்டினார்கள். பதினோரு வருடம் அதை ஒரு கீறல் இல்லாமல் காப்பாற்றிய கையை யாரும் பாராட்டவில்லை. சலூன்காரர் கைப்பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

பரிசோதனைக்கு அனுப்பியதில் சாதாரணக் கட்டிதான் என்று முடிவு வந்தது. வாத்தியார் தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். வெட்ட முடி இல்லாததால் கடைக்கு வர வேலை இல்லை. சலூன்காரர்தான் வாரம் ஒரு முறை அவர் வீட்டுக்குப் போய், நலம் விசாரிக்கிற சாக்கில் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார். ஆறாவது வாரம் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. அவருக்கு உடம்பெல்லாம் பூரித்தது. வளர்கிறது சார், வளர்கிறது என்று வாத்தியாரைக் கிளப்பி ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார்.

டாக்டர் தடவிப் பார்த்து, அது தையல் போட்ட தழும்பு என்றார். துணுக்குக்கூட மிச்சம் இல்லை. இனி எங்கே வேண்டுமானாலும், யாரிடம் வேண்டுமானாலும் முடி வெட்டிக்கொள்ளலாம் என்று அவராகவே சொன்னார். சலூன்காரருக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடிக்கவே இல்லை.

மூன்று மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது எதிர்க்கடைக் கதவு திறந்து மூடியது. சுழலும் நாற்காலியில், கழுத்துவரை வெள்ளைத் துணியோடு, ஒரு தலை. பின்பக்கம் பார்த்தாலே தெரிந்துவிட்டது. ஏப்ரன் அதில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு சலூன்காரர் தெருவைக் கடந்தார். ஒரு வருடமாகச் சபித்த கதவை முதல் தடவையாகத் தள்ளினார். உள்ளே குளுகுளு என்று இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. சண்டை போடத்தான் வந்தார். வாத்தியாரின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததும் அது கெஞ்சலாகிவிட்டது.

“அன்னிக்கு மொட்டை போட்டது என் தப்புதான் சார். புத்தி கெட்டுப்போய் செஞ்சுட்டேன். அந்த ஒரு கோபத்துக்காக இத்தனை வருஷப் பழக்கத்தை விட்டுட்டு வரலாமா?”

வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஏப்ரன் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“மொட்டைக்காக இல்லண்ணே. கடை திறந்த அன்னிக்கே சார் இங்கதான் வந்தார். கட்டி இருக்கிற தலையில கத்திரி வைக்க எனக்குப் பயம், அதை எடுத்துட்டு வாங்கன்னு டாக்டர் விலாசம் எழுதிக் குடுத்ததே நான்தான்.”