ஆதாரம் கேட்ட அம்மணி

பிரம்மாவே நேரில் வந்து "நான்தான் உன்னைப் படைத்தேன்" என்று சொன்னாலும், "பார்த்தது யாருங்க?" என்று கேட்கக்கூடியவள் அவள். தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் நான் எம்.ஃபில். படித்தபோது விடுதியில் என் அறைத்தோழி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. விடுதியில் அவள் பெயர் 'ஆதாரம்'.

அந்தப் பட்டப்பெயர் கிடைத்தது மெஸ்ஸில். "நம்ம உப்புமான்னா எல்லாப் புள்ளைகளுக்கும் உசுரு" என்று வார்டன் பெருமைப்பட்டார். இவள் எழுந்து நின்றாள்.

"ஏனுங்க மேடம், எத்தனை பேர்த்தைக் கேட்டீங்க?"

வார்டன் மறுநாள் நிஜமாகவே கேட்டுப் பார்த்தார். அதன்பின் உப்புமாவை அபூர்வமாகத்தான் பார்த்தோம்.

எதிர் அறைப் பெண்ணுக்குச் சிங்காநல்லூர்ப் பையன் ஒருவன் காதல் கடிதம் கொடுத்தான். என்ன பதில் சொல்வதென்று அவள் ஆதாரத்திடம் யோசனை கேட்டதுதான் தப்பு. சிவப்புப் பேனா வெளியே வந்துவிட்டது. 'உன்னை நினைத்துத் தூங்கவே இல்லை' என்ற வரிக்குப் பக்கத்தில், 'சாட்சி?' 'நிலவே, மலரே, தேனே' என்பதற்கு, 'ஒன்று போதும்.' கடிதம் அப்படியே திரும்பிப் போனது.

பையன் சளைக்கவில்லை. திருத்தி எழுதிக் கொடுத்தான். 'பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தபோது உன் செருப்பு கழன்றது. சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்தாய். அன்றிலிருந்து அந்த பஸ்ஸில்தான் வருகிறேன்.'

ஆதாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இப்பத்தான் எழுதியிருக்கறான்."

எதிர் அறைப் பெண்ணுக்கும் அவனுக்கும் கல்யாணமே ஆகிவிட்டது.

அடுத்து மாட்டியது நான். கோவையின் கணபதி வட்டாரப் பட்டறைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது என் ஆய்வேடு. படித்துப் பார்த்த நெறியாளர், "நீ போய்ப் பார்த்ததெல்லாம் இதுல எங்கேம்மா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊரில் அம்மாவோ, "இந்தத் தடவை முடிச்சுப்போடு கண்ணு. இல்லாட்டி படிச்சது போதும், மாப்பிள்ளை பார்த்தாச்சு" என்று சொல்லியிருந்தார்.

ஆதாரம் தன் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். 'ஆதிகாலந்தொட்டே பெண்ணினம் உழைத்து வருகிறது' என்பது என் முதல் வரி.

"அம்மணி, ஆதிகாலத்துல நீ இருந்தியா?"

"இல்லை."

"கணபதியில?"

"அங்கே இருந்தேன்."

"அப்ப அதைய எழுது. யாரைப் பார்த்தே?"

சொன்னேன். லேத் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டும் அக்கா ஒருவர், வீட்டுக்குப் போனதும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்குவாராம். தூள் அதன் கன்னத்தில் கீறிவிடும் என்று பயம்.

"எங்கிட்ட இத்தனை நல்லாச் சொல்றே. காயிதத்துல மட்டும் ஏன் ஒளிச்சுப்போட்டே?"

பத்திக்குப் பத்தி இதே பாடு. ஒருநாள் பொறுக்க முடியாமல், "உனக்கு மனசே இல்லை!" என்று தாள்களை வீசிவிட்டு அழுதேன். அவள் அவற்றைப் பொறுக்கி, வரிசைப்படுத்தி, டீ வாங்கி வந்து வைத்தாள்.

"நல்லா அழுதுட்டு வா. அடுத்த பத்தி இதைவிட மோசம்."

திருத்தியதை நெறியாளர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். "இப்பத்தாம்மா நீ தெரியறே" என்று கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எனக்காக மூடி வைத்த ஆய்வேட்டை ஆதாரம் அந்த முறை சமர்ப்பிக்கவே இல்லை. கேட்டதற்கு, "அது எங்க ஓடிப்போகுது?" என்றாள்.

நன்றியுரையில் ஒரு பக்கம் முழுக்க அவளைப் பற்றியே எழுதினேன். படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் அத்தனையையும் அடித்து, 'தோழிகளுக்கு நன்றி' என்று மட்டும் மிச்சம் வைத்தாள்.

"நீளமா இருக்குது அம்மணி. படிக்கறவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

அவள் சொன்ன திருத்தங்களில் நான் கேட்காதது அது ஒன்றுதான். அடித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்து, அவளுடைய முழுப் பெயரையும் போட்டு, அவளிடம் காட்டாமலே பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன்.